மாரெக் அண்ணையின் பத்தாவது ஆள்

டென்மார்க்கின் ஹேர்னிங் நகரத்தில் எங்கள் ஈழத்துச் சனம் ஒரு வெள்ளைக்காரரை அண்ணை என்று கூப்பிட்டது மாரெக்கை மட்டும்தான். பின்னல் தொழிற்சாலையில் அவர் இயந்திரம் திருத்துகிறவர், நான் தையல் மேசையில் இருந்தவள். ஊசி முறிந்தாலோ நூல் சிக்கினாலோ மற்றவர்கள் ஒரு பெருமூச்சு விட்ட பிறகுதான் திருத்துகிற ஆயுதங்கள் கிடக்கும் பெட்டியைத் திறப்பார்கள். மாரெக் பக்கத்தில் குந்தியிருந்து மெஷினோடு கதைப்பார். சரோஜினிதேவி என்ற என் பெயரை வெட்டாமல் கொத்தாமல் முழுதாகச் சொன்னவரும் அவர் ஒருவர்தான். அவருடைய டேனிஷும் என்னுடைய டேனிஷும் கிட்டத்தட்ட ஒரே தரம். அவர் சொன்னதெல்லாம் எனக்குள் எங்கள் தமிழாகவே கிடக்கிறது, அப்படியேதான் எழுதுகிறேன்.

அவர் போலந்து லொட்ஸ் நகரத்து யூதர். அறுபத்தொன்பதாம் ஆண்டு அந்த நாடு யூதர்களை வெளியே போகச் சொல்லி நெருக்கியபோது, அக்கா ஹான்காவோடு வந்து சேர்ந்தவர். கையில் கொடுத்து விட்ட தாளில், இதை வைத்திருப்பவர் போலந்துக் குடிமகன் அல்ல என்று எழுதியிருந்ததாம். யார் என்று எழுதவில்லை, யார் இல்லை என்றுதான் எழுதியிருந்தது. இதை அவர் சொன்னபோது எங்கள் மேசையில் இருந்த எல்லாரும் சிரித்தோம். எங்களிடம் அந்தத் தாள்கூட இருக்கவில்லை.

அவருடைய சமயத்தைப் பற்றி நான்தான் துருவித் துருவிக் கேட்பேன். அவருக்கும் சொல்லப் பிடிக்கும். “எங்கடை கதையே ஒருத்தன் வீட்டைவிட்டு வெளிக்கிட்டதிலைதான் தொடங்குது. ஆபிரகாமைக் கடவுள் கூப்பிட்டு, உன்ரை நாட்டை விடு, தகப்பன் வீட்டை விடு, நான் காட்டுற இடத்துக்குப் போ எண்டவர்” என்றார். எங்களுக்கு ஒருத்தரும் இடம் காட்டவில்லை, காசு வாங்கி அனுப்பிவிட்ட ஏஜென்சிக்காரன்தான் காட்டினான் என்றேன். அதை அவர் அக்காவுக்குப் போய்ச் சொல்லி, அக்கா என்னைப் பார்க்க வேண்டுமென்று கேட்டு, அப்படித்தான் இரண்டு குடும்பமும் பழக்கமானது.

ஒரே கடவுள், அவருக்கு உருவமில்லை. அவரோடு தங்கள் முன்னோர் ஓர் உடன்படிக்கை செய்தார்கள், அதனால் செய்யவேண்டியதும் செய்யக்கூடாததுமாகக் கட்டளைகள் ஏராளம் என்று சொல்வார். எனக்குச் சிலது விளங்கும், சிலது எரிச்சல் வரும். வெள்ளிக்கிழமை பொழுது படுமுன் வேலை ஆயுதங்களைத் துடைத்து வைத்தாரென்றால் சனி இரவு வரைக்கும் தொடமாட்டார், அது அவர்களுடைய ஓய்வுநாள். மேலதிக வேலைக்குச் சம்பளம் இரட்டிப்பு என்றாலும் அசையமாட்டார். ஒரு மார்கழியில் நத்தார் பண்டிகைக்குத் தொழிற்சாலை எல்லாருக்கும் நல்ல கோட் ஒன்று கொடுத்தது. அவர் வாங்கியவுடன் மடிப்பைப் பிரித்து உள்துணியை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வெளியே கம்பளி, உள்ளே ஆளிநாரில் நெய்த லினன். இரண்டையும் சேர்த்து நெய்ததையோ தைத்ததையோ யூதர் உடுத்தக்கூடாதாம். ஏன் என்று கேட்டேன். காரணம் சொல்லப்படவில்லை என்றார். காரணம் தெரிந்தால்தான் செய்வேன் என்றால் அது கட்டளை இல்லை, வியாபாரம் என்றார். மனிதன் எங்கள் ஜூட்லாண்ட் பகுதியின் குளிரில் பழைய ஜாக்கெட்டோடு திரிந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

ஆனால் அதே மனிதர்தான், மேற்பார்வையாளர் எங்கள் கஜந்தியை எல்லார் முன்னாலும் வைத்து ஏசியபோது இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து இடையில் நின்றார். பத்துப்பேர் பார்க்க ஒருவரின் முகத்தை வெளிறப் பண்ணுவது அவரின் இரத்தத்தைச் சிந்துவதற்குச் சமம், முகத்திலிருந்து வடிந்து போவது இரத்தம்தானே என்றார். எங்கள் சட்டத்தில் அது கொலைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்றார். மேற்பார்வையாளருக்கு அது விளங்கியதோ இல்லையோ, வாயை மூடிக்கொண்டு போனான்.

அவருடைய மனைவி பிர்கிட், இக்காஸ்ட் ஊர் டேனிஷ் பெண். இளம் வயதில், கட்டளைகளைப் பெரிதாக நினைக்காத காலத்தில் கட்டினவர். மகன் டாவிட் பிறந்த பிறகுதான் அவருக்கு இறுக்கம் வந்தது. வெள்ளி இரவு மேசையில் பையனைப் பக்கத்தில் இருத்தி விளக்கு ஏற்றுவார்கள், திராட்சை ரசக் கிண்ணத்தைக் கையில் பிடித்து ஆசீர்வாதம் சொல்லிக் கொடுப்பார். அவனுக்கு எபிரேய எழுத்தும் தெரியும், பிரார்த்தனைகள் பாதியும் பாடம். யூதப் பையன்களுக்குப் பதின்மூன்று வயதில் ஒரு சடங்கு, அன்றையிலிருந்து அவன் பெரிய மனிதன். டாவிட்டுக்கு அது நடக்கவில்லை. ஹேர்னிங்கில் அதற்கு ஆட்கள் எங்கே என்று மாரெக் அண்ணை சொல்வார். பத்து ஆண்கள் கூடினால்தான் அவர்களுடைய சில பிரார்த்தனைகளைச் சொல்லலாம், ஒன்பது பேரென்றால் ஒன்றுமில்லை. பையனும் அதை நம்பினான், நாங்களும் நம்பினோம். டாவிட் வளர்ந்து வைலே நகரத்தில் தச்சுவேலைக்குப் போனான். பிர்கிட் புற்றுநோயில் போனாள். அவளை டேனிஷ் முறைப்படி எரித்தார்கள். தகப்பனும் மகனும் பெரிதாகக் கதைத்துக்கொள்ளாமல், சண்டையும் பிடிக்காமல், பெருநாளுக்குப் பெருநாள் பார்த்துக்கொண்டார்கள்.

போன வருடம் ஹான்கா அக்கா இறந்தார். கொப்பன்ஹேகனில் யூத மயானம் இருக்கிறது, அங்கே கொண்டுபோய்ப் பெண்கள் கழுவி, வெள்ளைத் துணி உடுத்தி, ஆணியடிக்காத மரப்பெட்டியில் வைத்து அடக்கம் செய்தார்கள். நானும் என் கணவர் சண்முகலிங்கமும் கூடப் போனோம். திரும்பி வரும்போது காருக்குள் என் மனிசன், எங்களில் எரிப்பதுதான் வழக்கம் என்று கதையைத் தொடங்கினார். மாரெக் அண்ணை, “எங்கடை வீட்டு ஆக்களை எல்லாம் யுத்தத்திலை ஜெர்மன்காரர் முகாமிலை எரிச்சுப் போட்டாங்கள். எனக்கு மண் வேணும்” என்றார். எனக்குக் கார்க் கதவைத் திறந்து இறங்கிவிடலாம் போல இருந்தது.

வீட்டில் அவர் துக்கம் காத்தார். கண்ணாடிகளைத் துணியால் மூடி, உயரம் குறைந்த ஒரு ஸ்டூலில் இருந்தார். வாசல் கதவு பூட்டவில்லை. வருகிறவர்கள் வணக்கம் சொல்லக்கூடாது, போகும்போதும் சொல்லிக்கொண்டு போகக்கூடாது. செத்தவீட்டில் போட்டு வாறன் என்று சொல்லாத சனம் நாங்கள், எங்களுக்கு இதில் ஒரு சிரமமும் இல்லை. அவிச்ச முட்டையும் பழமும் கொண்டுபோய் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. அக்காவும் சேர்ந்து வாழ்ந்த அந்த வீட்டில் ஒரு தடவை கதிஷ் சொல்லவேண்டும். இறந்தவருக்காக உறவினர் எழுந்துநின்று சொல்லும் பிரார்த்தனை அது. அரமேயம் என்ற பழைய மொழியில் இருக்கிறது. அதில் சாவு என்ற சொல்லே இல்லை, கடவுளின் பெயர் பெருமைப்படட்டும் என்றுதான் முழுவதும் வருகிறது. நெஞ்சு உடைந்த நேரத்தில் அவரைத் திட்டாமல் புகழச் சொல்வதுதான் அதன் கடினம் என்றார். இடையிடையே சுற்றி நிற்கிறவர்கள் ஆமென் சொல்லவேண்டும். அதற்குப் பத்துப்பேர் வேண்டும்.

என் மனிசன் எதற்கும் முன்னுக்கு நிற்கிற ஆள். கோயில் சபையில் தேர் இழுக்க ஆள் சேர்க்கிறவருக்குப் பத்துப்பேர் ஒரு பொருட்டா? அடுத்தநாளே பத்து ஆண்களை வேட்டி சால்வையோடு கூட்டிக்கொண்டு வந்து மாரெக் அண்ணையின் வரவேற்பறையில் வரிசையாக இருத்திவிட்டார். ஐயப்பன் என்ற தமிழ்நாட்டுப் பொறியியலாளர்கூட, சார் எங்க நிக்கணும் என்று பவ்வியமாகக் கேட்டார். மாரெக் அண்ணை ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். பத்துப்பேரும் யூதராக இருக்கவேண்டும் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நான்தான் விளங்கிக்கொண்டு, எடுத்துச் சொல்லி, எல்லாருக்கும் தேத்தண்ணீர் போட்டேன். அன்றைக்கு அந்த வீட்டில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது. அதுதான் கடைசி.

வெட்கப்பட்டுப்போன சண்முகலிங்கம், யூதரையே தேடிப் பிடிக்கிறேன் பார் என்று வெளிக்கிட்டார். ஹொல்ஸ்டெப்ரோ ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர், ரண்டர்ஸில் இளைப்பாறிய வாத்தியார் ஒருவர், காற்றாலை வேலைக்கு இஸ்ரேலிலிருந்து வந்த தகப்பனும் இரண்டு வளர்ந்த பையன்களும், அவர்கள் சொன்ன இன்னும் இரண்டுபேர், இப்படி ஒருவரைப் பிடித்து மற்றவரைப் பிடித்தார். ஆர்ஹுஸிலிருந்து லேவின் என்ற பெரியவர் பிரார்த்தனை நடத்திவைக்க ஒத்துக்கொண்டார். மாரெக் அண்ணையோடு சேர்த்து ஒன்பது பேர் ஆனார்கள். ஜூட்லாண்ட் முழுக்க அலைந்தும் பத்தாவது ஆள் கிடைக்கவில்லை.

ஞாயிறு பின்னேரம் என்று நாளும் குறித்தாயிற்று. அன்று காலை என் மனிசன் முகம் விரிந்து வந்து, டாவிட் வருகிறான் என்றார். தகப்பனுக்குச் சொல்லவேண்டாம், திடீரென்று கண்டால் சந்தோசப்படுவார் என்றார். எனக்கு ஏனோ சரியாகப் படவில்லை. முதலில் தகப்பனிடம் ஒரு சொல் கேளுங்கோ என்றேன்.

“என்னத்தைக் கேக்கிறது? தேப்பன் யூதன் எண்டால் பிள்ளை யூதன்தானே” என்றார்.

எங்கள் மனிதருக்கு வேறு எப்படி யோசிக்க வரும்? எங்கள் பிள்ளைகளின் பெயருக்கு முன்னால் தகப்பன்தானே நிற்கிறார். நானும் அந்தக் கதையை அத்தோடு விட்டுவிட்டேன்.

டாவிட் நல்ல சட்டை போட்டு, தலையில் சின்ன வட்டத் தொப்பி வைத்துக்கொண்டு வந்தான். தான் கதிஷ் முழுவதையும் பாடமாக்கியிருப்பதாக வாசலிலேயே என்னிடம் சொன்னான். மாமி இறந்ததற்குத் தானும் ஏதாவது செய்யவேண்டும் என்றிருந்ததாம், யாரும் கேட்கவில்லையாம். உள்ளே வந்தவனைக் கண்டதும் மாரெக் அண்ணையின் முகத்தில் வந்தது சந்தோசம் இல்லை. அது பயம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

பெரியவர் லேவின் எல்லாரோடும் கதைத்தது போல அவனோடும் கதைத்தார். தாயாரின் குடும்பம் எந்த ஊர் என்று கேட்டார். இக்காஸ்ட், அம்மா பிர்கிட் என்று அவன் சொன்னான். லேவின் தலையை ஆட்டிவிட்டு மாரெக்கைப் பார்த்தார். நாங்கள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தோம். பக்கத்தில் நின்ற டொக்டர் என் மனிசனிடம் மெதுவாகச் சொன்னார், யூதம் தாய்வழியாகத்தான் வருகிறது, தாய் யூதரில்லை என்றால் முறைப்படி சமயத்துக்குள் எடுத்தால்தான் பிள்ளை யூதன் என்று. சண்முகலிங்கத்தின் முகம் செத்துப்போயிற்று.

லேவின் கெட்டவரில்லை. அவனைக் கேள்விமேல் கேள்வி கேட்டு நோகடிக்கவில்லை. “எண்ணுறது வீட்டுக்காரற்றை வேலை. நீங்கள் எண்ணி முடியுங்கோ, நான் தொடங்குறன்” என்றார். மகனைச் சேர்த்து எண்ணினாலும் தான் மறுக்கமாட்டேன் என்று மாரெக் அண்ணைக்கு அவர் ஒரு வாசலைத் திறந்து விட்டார் என்று எனக்கே விளங்கியது.

மனிதரை ஒன்று இரண்டு என்று எண்ணக்கூடாது என்பது அவர்களுடைய வழக்கம். பத்துச் சொற்கள் உள்ள ஒரு வசனம் வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு சொல்லாகச் சொல்லிக்கொண்டு போவார்கள், கடைசிச் சொல்லுக்கு ஆள் இருந்தால் பத்து. மாரெக் அண்ணை தன்னிலிருந்து தொடங்கினார். டொக்டருக்கு ஒரு சொல், வாத்தியாருக்கு ஒரு சொல். பையன்கள் இருவரையும் மற்றவர்களையும் கடந்து லேவினுக்கு வந்தபோது ஒன்பதாவது சொல். அடுத்தது டாவிட். அவனுக்கு முன்னால் வந்து நின்றார். வாய் திறக்கவில்லை.

டாவிட் கொஞ்சநேரம் காத்திருந்தான். தகப்பன் மறந்துபோனார் என்று நினைத்திருப்பான். கடைசிச் சொல்லை அவனே எடுத்துக் கொடுத்தான்.

மாரெக் அண்ணை தலையை ஆட்டினார். இல்லை என்று.

எனக்கு அந்த ஆளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. கம்பளியையும் லினனையும் பிரிக்கிறதுபோலப் பெற்ற பிள்ளையைப் பிரிக்கலாமா? ஒரு சொல். ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டுப் போயிருந்தால் கடவுள் குறைந்தா போயிருப்பார்?

டாவிட்டின் முகம் வெளிறியதை எல்லாரும் பார்த்தோம். அவன் சத்தம் போடவில்லை. “பதின்மூண்டு வயசிலை எனக்கு ஒண்டும் செய்யாமல் விட்டது இதாலையோ? ஆக்கள் இல்லை எண்டு சொன்னது பொய்யோ?” என்று கேட்டான். “பள்ளிக்கூடத்திலை யூதன் எண்டு என்னை அடிச்சவங்கள் ஒருத்தரும் அம்மாவைப் பற்றிக் கேக்கேல்லை, அப்பா” என்றான். தொப்பியைக் கழற்றி, மூடிக்கிடந்த கண்ணாடிக்குக் கீழே இருந்த மேசையில் வைத்துவிட்டுப் போனான். என் மனிசன் பின்னால் ஓடினார். கார் போய்விட்டது.

ஒன்பது பேரும் சங்கீதம் என்ற வேதப் பாடல்கள் சில வாசித்தார்கள். கதிஷ் சொல்லப்படவில்லை.

அதற்குப் பிறகு மாரெக் அண்ணையோடு நான் கோபமாகத்தான் கதைத்தேன். ஏன் அவனை நேரத்தோடு முறைப்படி எடுக்கவில்லை என்று கேட்டேன். பிர்கிட் விரும்பவில்லையாம். பிள்ளை வளர்ந்து தானே தெரியட்டும் என்றாளாம். பிறகு அவனிடம் உண்மையைச் சொல்லப் பயம் வந்துவிட்டதாம். ஹேர்னிங்கில் பத்துப்பேர் சேரப்போவதே இல்லை, கேள்வியும் வரப்போவதில்லை என்று அத்தனை வருடமும் அதற்குள் ஒளிந்திருந்தாராம். நாங்கள்தான் பத்துப்பேரைச் சேர்த்துவிட்டோம். சரி, அந்த நேரத்தில் ஒரு பொய் சொன்னால் என்ன என்று கேட்டேன்.

“பத்து இல்லாத இடத்திலை பத்து எண்டு சொல்லிக் கடவுளின்ரை பேரை எடுக்க என்னாலை ஏலாது, சரோஜினிதேவி. அவனை எண்ணாமல் விட்டதிலை சட்டப்படி நான் பிழை செய்யேல்லை. ஆக்களுக்கு முன்னாலை அவன்ரை முகத்தை வெளிறப் பண்ணினன், சட்டப்படி நான் கொலைகாரன்.”

அதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது. செய்த பாவத்தால் யார் மனம் நொந்ததோ அவரிடமே மன்னிப்புக் கேட்கவேண்டும், அவர் மன்னிக்காமல் கடவுளும் மன்னிக்கமாட்டார் என்பது அவர்கள் சமயம். அதற்கென்றே இலையுதிர்காலத்தில் ஒரு நோன்பு நாள் உண்டு. அந்த நாளுக்கு முன் டாவிட்டுக்குத் திரும்பத் திரும்பப் போன் அடித்தார். அவன் எடுக்கவில்லை. பஸ்ஸில் வைலேக்குப் போய்க் கதவைத் தட்டினார். உள்ளே வெளிச்சம் இருந்ததாம். நோன்பன்று மாலை நான் போனபோது மனிதர் தண்ணீர்கூடக் குடிக்காமல் யன்னலோரம் இருந்தார். நோன்பு முடியும்போது மன்னிப்பின் கதவு மூடுப்படும் என்பது அவர்கள் நம்பிக்கை. கதவு மூடியாயிற்று என்றார். எந்தக் கதவு என்று நான் கேட்கவில்லை.

மாசி மாதம் நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் இறந்தார். நேரே கொப்பன்ஹேகன் மயானத்துக்குத்தான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். டாவிட்டுக்குத் தெரியும் என்று அவர் எப்போதும் சொல்வார். வேறு எங்கும் அதைச் சொல்லி வைக்கவில்லை. இந்த நாட்டில் இறந்தவர் சொல்லி வைக்காவிட்டால் கிட்டிய உறவுதான் முடிவெடுக்கும். டாவிட் எரிப்பதென்று முடிவெடுத்துவிட்டான். லேவின் ஆர்ஹுஸிலிருந்து அவனோடு கதைத்துப் பார்த்தார், பலனில்லை.

நான் வைலேக்கே போனேன். கதவைத் திறந்தான். சோபாவில் இருத்தி, கோப்பி தந்தான். அப்பா மண்ணுக்குள் போகத்தான் ஆசைப்பட்டவர், ஏன் என்று உனக்கும் தெரியும், எவ்வளவு கோபமிருந்தாலும் இதை மட்டும் செய்யாதே ராசா என்று கெஞ்சினேன். அவன் கோபப்படவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“அது யூதர் செய்யிற வேலை, அன்ரி. யூதர் செய்யவேண்டியதை ஏன் என்னட்டைக் கேக்கிறீங்கள்? அம்மாவை எரிச்சம். எனக்கு அதுதான் தெரியும்” என்றான்.

திரும்பிவரும் வழியெல்லாம் தகப்பனைத் திட்டினேன், மகனைத் திட்டினேன், வந்து சேர்ந்ததும் வீட்டு வாசலில் நின்ற என் மனிசனையும் திட்டினேன். எரிக்கிறது எங்களுக்கு மரியாதைதானே என்று அவர் மெல்ல இழுத்தார். அன்றைக்கு நான் சமைக்கவில்லை.

ஹேர்னிங் மயானத்துச் சின்ன மண்டபத்தில் பெட்டியை வைத்திருந்தார்கள். பாதிரியார் இல்லை. எங்கள் சனம் மண்டபம் கொள்ளாமல் வந்திருந்தது, தொழிற்சாலைக் காலத்து ஆட்கள், அவர்களுடைய பிள்ளைகள், கஜந்தி, ஐயப்பன் எல்லாரும். லேவினும் மற்றவர்களும் வரவில்லை. எரிக்கிற இடத்துக்கு அவர்களால் வரமுடியாதென்று டொக்டர் எனக்குப் போனில் சொன்னார். டாவிட் முன்வரிசையில் தனியாக இருந்தான். பேச யாருமில்லை, பாட்டில்லை. பெட்டியைத் தூக்க ஆட்கள் எழும்பியபோது அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று கதிஷ் சொல்லத் தொடங்கினான். தாளில்லை, மனப்பாடம். அவன் குரல் தகப்பனுடைய குரலாகவே இருந்தது. நாலைந்து சொற்கள் சொல்லிவிட்டு நிறுத்தினான். எங்களைத் திரும்பிப் பார்த்தான். நாங்கள் அவனைப் பார்த்தோம். அழுகிறான், அதனால் நிறுத்தினான் என்று நினைத்தோம். இன்னும் கொஞ்சம் சொன்னான், மறுபடியும் நிறுத்திக் காத்திருந்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அது நாங்கள் ஆமென் சொல்லவேண்டிய இடம் என்று. நான் வாயைத் திறக்குமுன் அவன் பெட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டு, தூக்கச் சொல்லித் தலையசைத்தான்.